போட் இழுக்கும்போது கல்லடி: மூன்று வருட அனுபவம்

எனக்கும் மச்சானுக்கும் சேர்த்து 15 அடியில் ஒரு ஃபைபர் போட் இருக்கிறது. தொழிலுக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலுக்குத்தான். வீடு தக்கலைப் பக்கம், அதனால் போட் முற்றத்தில் டிரெய்லர் மேல்தான் நிற்கும். கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் பொலிரோவில் மாட்டி, கருங்கல், புதுக்கடை வழியாகத் தேங்காப்பட்டணம் போவோம். ஆனி, ஆடிச் சாரலில் அந்த முகத்துவாரத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. அப்போது நாகர்கோவில், பறக்கை வழியாக மணக்குடிக் காயல். மூன்று வருடமாக இதே ஓட்டம்தான். தண்ணீரில் பட்ட அடியைவிட ரோட்டில் பட்ட அடிதான் அதிகம்.

முதல் வருடக் கடைசியில் போட்டைக் கழுவும்போது பார்த்தேன். அணியத்தின் (போட்டின் முன்பகுதி) அடிப்பக்கத்திலும் ஏராவின் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) முன்முனையிலும் நீலம் பெயர்ந்து அரிசி அரிசியாகப் புள்ளிகள். எண்ணினால் 37. நாலைந்து இடத்தில் ஜெல்கோட் முழுக்கப் போய் உள்ளே நார் தெரிந்தது. ஜெல்கோட் என்பது சுமார் அரை மில்லிமீட்டர் தோல்தான். அது போனால் தண்ணீர் உள்ளே ஊறும், பிறகு கொப்புளம் வரும்.

கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகிற டிப்பர்கள்மேல்தான் முதலில் பழியைப் போட்டேன். நம்ம மாவட்டத்தில் அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் ஒருநாள் மச்சான் பைக்கில் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு, கல் தெறிப்பது எங்கள் பொலிரோவின் பின் டயரிலிருந்துதான் என்றான். யோசித்தால் சரிதான். டிப்பர் தெறித்தால் பக்கவாட்டிலோ மேலேயோ அல்லவா படும், அடிப்பக்கத்தில் எப்படிப் படும்?

இது புரிவதற்கு முன்பே ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். நீலத் தார்ப்பாயை அணியத்தில் சுற்றி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தேன். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. உள்ளே புகுந்த மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்து, கை அகலத்துக்கு இரண்டு பக்கமும் பளபளப்பே போய்விட்டது. குளச்சலில் ஃபைபர் வேலை பார்க்கும் மேஸ்திரி விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கல்லு அடிச்சதில்ல மக்கா, ஒனக்க தார்ப்பாய் தின்னது."

அப்புறம் ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் பேனரை வண்டிக்கும் போட்டுக்கும் நடுவே திரைபோல் கட்டிப் பார்த்தோம். மூன்றாவது பயணத்தில் மாப்பிள்ளை முகம் சல்லடை. ரப்பர் விளைகிற ஊராயிற்றே என்று ஷீட் ரப்பரையும் தொங்கவிட்டேன். வெயிலில் பிசுபிசுவென்று ஒட்டி இழுபட்டு, தரையைத் தொடும் அளவுக்கு நீண்டுவிட்டது. பதப்படுத்தாத ரப்பர் அப்படித்தான் செய்யும், எனக்குத்தான் புத்தி வரவில்லை.

கடைசியில் நிலைத்தது கன்வேயர் பெல்ட். கல் உடைக்கும் கிரஷரில் ஓடித் தேய்ந்த பழைய பெல்ட், ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) 900 ரூபாய்க்குக் கிடைத்தது. கல்லைச் சுமந்தே வாழ்ந்த பெல்ட்டுக்குக் கல்லடி ஒரு பொருட்டே இல்லை. பின் பம்பருக்குக் கீழே வண்டியின் அகலத்துக்கு ஒரு ஜி.ஐ. பைப், அதில் பெல்ட் தொங்குகிறது. தரைக்கும் அதற்கும் நாலு விரற்கடை இடைவெளி. முழுப் பலகையாக விட்டால் காற்றைப் பிடித்துப் பின்னால் தூக்கிக்கொள்ளும், அதனால் கீழிருந்து முக்கால்வாசி வரை ஆறு பட்டையாகக் கீறிவிட்டேன். சைலன்சர் வரும் இடத்தில் அரைவட்டமாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் கருகும் நாற்றம் வண்டிக்குள்ளேயே வரும்.

இதிலும் ஒரு அடி வாங்கினேன். தேங்காப்பட்டணத்தில் போட்டை இறக்க ரிவர்ஸ் எடுத்தபோது பெல்ட் பின் டயருக்கு அடியில் மாட்டி, பைப்போடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் சங்கிலியும் கொக்கியும் உண்டு. ரிவர்ஸுக்கு முன் இறங்கி மேலே தூக்கி மாட்டிவிட வேண்டும். மறந்தால் மறுபடியும் வெல்டிங் பட்டறைதான்.

இன்னொரு சின்ன விஷயம். சில கற்கள் டிரெய்லரின் குறுக்குச் சட்டத்தில் பட்டு மேல்நோக்கித் தெறித்து போட்டைக் குத்துகின்றன. மிச்சமான பெல்ட் துண்டை அந்தச் சட்டத்தின் முன்பக்கம் போல்ட் போட்டதும் அது நின்றது. வேகமும் முக்கியம். 60-இல் போகும்போது விழும் அடி, 40-இல் விழுவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். புதிதாக ஜல்லி போட்ட இடங்களில் நான் 30-க்கு மேல் போவதில்லை, பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

பழைய காயங்களை நானே அடைத்தேன். நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, ஓரங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, நீல ஜெல்கோட்டில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து வைத்தேன். வைத்ததும் மேலே செலோ டேப் ஒட்டிவிட வேண்டும். காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும், இறுகாது. இறுகியபின் 400, 800, 1000 நம்பர் உப்புத்தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ். ஒரு எச்சரிக்கை: ஃபைபர் கடையில் சீக்கிரம் இறுகுவதற்கான கோபால்ட் ஆக்சிலரேட்டரும் தருவார்கள். அதையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஏராவின் முன்முனை மட்டும் மேஸ்திரி கையில் விட்டேன், அவர் மேட் (கண்ணாடி நார்ப் பாய்) வைத்து ஒரு அடுக்கு கூடுதலாகக் கட்டித் தந்தார்.

பெல்ட் மாட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் கழுவியபோது புதிதாக மூன்று புள்ளிகள்தான் இருந்தன. மூன்றும் வலது பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில். அது நிஜமாகவே டிப்பர் வேலைதான். பெல்ட்டில் ஒரு கீறலும் இல்லை. கொக்கிகள்தான் உப்பில் துருப்பிடித்து மெலிந்துவிட்டன, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இரண்டு செய்யச் சொல்லியிருக்கிறேன்.