நான் தொடங்கிய கட்டுரைகள்: ஒரு பட்டியலோடு பதினொரு ஆண்டுகள்

தமிழ் விக்கிப்பீடியாவில் என் பயனர் பக்கத்துக்குக் கீழே ஒரு துணைப்பக்கம் இருக்கிறது. எழுதிய கட்டுரைகளை 2014 முதல் அதில் குறித்து வருகிறேன். நூற்றைம்பது வரிகளைத் தாண்டிவிட்டது.

"பங்களிப்புகள் பக்கமே எல்லாவற்றையும் காட்டுமே, தனியாக ஏன் எழுதி வைக்கிறீர்கள்?" என்று புதிதாக எழுத வருகிறவர்கள் கேட்பார்கள். காட்டும், உண்மைதான். தலைப்பு, நாள், எத்தனை பைட்டு என்பதெல்லாம் வரும். ஆனால் எந்த நூலைப் பார்த்து எழுதினேன், எதைப் பாதியில் விட்டேன் என்பது அங்கே இருக்காது. நீக்கப்பட்ட கட்டுரை அந்தப் பக்கத்திலிருந்தே மறைந்துவிடும். என்னுடையவை மூன்று அப்படிப் போயின. போதிய சான்று இல்லை என்ற காரணம் நியாயமானதுதான். மூன்றையும் பட்டியலில் இன்னும் வைத்திருக்கிறேன். சான்று கிடைத்தால் மறுபடி எழுதலாம் அல்லவா?

முதல் மூன்று ஆண்டுகள் பட்டியலில் எண், தலைப்பு, நாள் மட்டும்தான். அந்த எண் என்னைக் கெடுத்தது. அதை ஏற்றுவதற்காகவே இங்கே சிங்கப்பூரில் உள்ள எம்ஆர்டி ரயில் நிலையங்களைப் பற்றி நான்கு வரிக் குறுங்கட்டுரைகளாக எழுதித் தள்ளினேன். அவற்றை விரிவாக்கி முடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

மாற்றம் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி கட்டுரையால் வந்தது. பள்ளி 1960-இல் தொடங்கியது என்று எழுதியிருந்தேன். பல மாதம் கழித்து, அங்கே படித்த ஒருவர் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதினார்: "ஐயா, 1960-இல் வந்தது உயர்நிலை வகுப்புகள். பள்ளி 1946-லேயே இருந்தது." தேடிப் பார்த்தேன், அவர் சொன்னதே சரி. 1982-இல் மூடப்பட்ட பள்ளி அது. அங்கே படித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போது தவறான ஆண்டை நாம் நிலைக்கவிடலாமா? அன்றைக்கே எண்ணை எடுத்துவிட்டு, 'ஆதாரம்', 'பாக்கி', 'கடைசியாகச் சரிபார்த்தது' என அட்டவணையில் மூன்று பத்திகள் சேர்த்தேன். 'நான் எழுதிய கட்டுரைகள்' என்ற தலைப்பையும் 'தொடங்கிய' என்று மாற்றினேன். அந்தக் கட்டுரையில் இப்போது என் வாக்கியங்கள் பாதிகூட இல்லை. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

'பாக்கி' பத்திதான் அதிகம் உழைக்கிறது. 1887-இல் இங்கே வெளிவரத் தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழ் பற்றிய வரியில் மட்டும் ஐந்து குறிப்புகள். அதன் ஆசிரியர் மகதூம் சாயபுவின் பெயரை மகதூம், மக்தூம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எதைத் தட்டினாலும் வாசகர் சரியான பக்கத்துக்கு வர வழிமாற்று வேண்டும். தெலுக் ஆயர் ஸ்திரீட் நாகூர் தர்கா வரியில் 'படம் இல்லை' என்றே நெடுநாள் கிடந்தது. ஒரு ஞாயிறு காலை நானே போய் எடுத்து ஏற்றினேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லாமே கைவேலை. யாராவது கட்டுரையை வேறு தலைப்புக்கு நகர்த்தினால் பட்டியல் தானாக மாறாது. கைப்பேசியில் அட்டவணையைத் திருத்துவது பெரும்பாடு, ஒரு கோடு விடுபட்டால் அத்தனை வரிகளும் குலைந்துவிடும். அதனால் வீட்டுக் கணினியில்தான் தொடுகிறேன். ஆதாரமாகக் கொடுத்த இணைய முகவரிகளும் சில ஆண்டுகளில் செத்துப்போகின்றன. இப்போது முகவரியோடு நூலின் பக்க எண்ணையும் குறித்துக்கொள்கிறேன். முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் 'ஆதாரம்', 'பாக்கி' இரண்டும் போதும். அப்புறம் தேவைப்பட்டால் மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மாதம் ஒரு மாலை, மேலிருந்து பத்து வரிகளைத் திறந்து படித்துப் பாருங்கள்.

இந்த மாதம் என் பத்து வரிகளில் 'சிங்கை நேசன்' வருகிறது. சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போகிறேன்.