மாத்திரை மட்டும் போதாதா? மெசலமைன் எனிமாவோடு சில வருடங்கள்

என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவரில் புண் வரும் நோய் என்று போன மாதம் உறுதியாகிவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற பையன். போனில் ரொம்ப நேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான். "அக்கா, மாத்திரை எத்தனை வேணாலும் போட்டுக்கிறேன். ராத்திரி அந்த பாட்டிலைப் பின்னாடி ஏத்திக்கச் சொல்றாங்களே, அது இல்லாம முடியாதா?"

அந்த பாட்டில்தான் எனிமா, குடல் புண்ணை ஆற்றும் மெசலமைன் மருந்தைத் திரவமாக ஆசனவாய் வழியே ஏற்றுவது. எனக்கும் சில வருடங்களாக இதே நோய், இதே மருந்து. பக்கத்தில் ஆள் இருந்ததால் அவனுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க முடியாமல் இன்னும் பலர் இருப்பார்கள்.

கொலனோஸ்கோபி (குழாய் கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது), பயாப்ஸி (துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எல்லாம் முடித்தவர்களுக்கு நோயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும் நோய். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும், சிலருக்கு இடதுபக்கக் குடல் வரை, சிலருக்குப் பெருங்குடல் முழுக்க. எது எப்படிப் போனாலும் ஆரம்பம் கீழேதான். வாய்வழியாகப் போடும் மெசலமைன் மாத்திரை மேலே இருந்து கீழே வர வேண்டும். அதன் மேல்பூச்சு வயிற்று அமிலத்தில் கரையாமல், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கரைகிற மாதிரி செய்திருப்பார்கள். அதனால்தான் உடைக்கவோ மெல்லவோ கூடாது என்கிறார்கள். அங்கே கரைந்து வழியெல்லாம் வேலை செய்துகொண்டே வருகிற மருந்து, மலக்குடலுக்கு வந்து சேரும்போது குறைந்துபோகிறது. வயிற்றோட்டம் இருக்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். எனிமா நேராகப் புண் இருக்கிற இடத்துக்கே போகிறது. 60 மில்லி பாட்டில் ஒன்றில் 4 கிராம் மருந்து. படுக்கும் விதத்தில் படுத்தால் இடதுபக்கக் குடலின் மேல் வளைவு வரை ஏறும். ஆசனவாயில் வைக்கும் மருந்துக் குச்சியான சப்போசிட்டரி அவ்வளவு தூரம் எட்டாது, அது மலக்குடலுக்கு மட்டும்தான்.

இந்த மருந்தின் கதையே எனிமாவில்தான் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் வந்தது சல்ஃபாசலசின். ஸ்வீடனில் நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாதத்துக்காக உருவாக்கியது. அது குடலுக்கும் கேட்டது. ஆனால் அதில் இரண்டு பொருட்கள் ஒட்டியிருந்தன, எது வேலை செய்கிறது என்று தெரியவில்லை. 1977-இல் ஆசாத் கான், ட்ரூலவ் என்ற மருத்துவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எனிமாவாகத்தான் கொடுத்தார்கள். வேலை செய்தது 5-அமினோசாலிசிலிக் அமிலம், அதாவது இன்றைய மெசலமைன். ஒவ்வாமை, தலைவலி என்று தொல்லை கொடுத்ததில் பெரும்பங்கு ஒட்டியிருந்த சல்ஃபாவுடையது. யாரோ சிலர் கூச்சத்தை ஓரம் வைத்துவிட்டு அந்தப் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டதால்தான் நமக்கு இந்த மாத்திரையும் கிடைத்தது. அவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன். என் வீடு ஏற்காட்டில். மார்கழி, தை மாதங்களில் இங்கே ராத்திரி பாட்டிலைத் தொட்டாலே கை விறைக்கும். அந்தக் குளிரோடு மருந்து உள்ளே போனால் குடல் சுருட்டிப் பிடிக்கும், அடுத்த நிமிடம் எல்லாம் வெளியே வந்துவிடும். இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது சாப்பாடு முடிந்ததும் பாட்டிலை உறையோடு போர்வைக்குள் வைத்துவிடுகிறேன். படுக்கப் போகும் நேரத்துக்கு உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் சேறு மாதிரி தங்கியிருக்கும், குலுக்காமல் ஏற்றினால் தண்ணீர்தான் போகும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கிக்கொண்டு, மெதுவாக அமுக்க வேண்டும். வெளியே எடுக்கும்போதும் அமுக்கிய கையைத் தளர்த்தக் கூடாது. தளர்த்தினால் பாட்டில் மருந்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். முடித்தபின் அரை மணி நேரமாவது அதே பக்கம் கிடக்க வேண்டும். ராத்திரி முழுக்க உள்ளே நின்றால் நல்லது. நோய் முற்றியிருக்கும் நாட்களில் அவ்வளவு நேரம் நிற்காது. நின்ற வரைக்கும் லாபம் என்று என் டாக்டர் சொல்வார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. புண் ஆற ஆற நிற்கும் நேரமும் கூடியது.

எனக்குப் பொறுக்கவே முடியாதது கறை. பாட்டிலில் இருக்கும்போது வெளிர் நிறம்தான். துணியில் ஒரு சொட்டு பட்டுக் காற்றாடினால் பழுப்பாகிவிடும். சவுக்காரம், எலுமிச்சை, வெயில் எதற்கும் போகாது. அம்மா கொடுத்த நல்ல ஜமுக்காளம் ஒன்று அப்படிப் போனது. குழந்தைகளுக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டை வாங்கி, அதன்மேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். விடியற்காலையில் அந்தத் துண்டை நானே தனியாக அலசிக் காயப்போடுவேன். கொடியில் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டம்மா "என்ன டீச்சர், காப்பி கொட்டிருச்சா?" என்று கேட்கிறார். தினம் கேட்கிறார்.

வெளியூரில் தங்குவது இன்னும் கஷ்டம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு அம்மாபேட்டையில் அம்மா வீட்டில் அத்தனை பேரும் கூடுவோம். ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய், ஒரே கழிப்பறை. அங்கே நான் எங்கே போய் ஒருக்களித்துப் படுப்பது? அந்த நாட்களில் விட்டுவிடுகிறேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் என்று அவர் குறைத்துக் கொடுத்திருக்கிறார். மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடுவதில்லை.

இவ்வளவு தொல்லைக்கும் கிடைத்தது என்ன? ரத்தம் நிற்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். நின்றது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், அடக்க முடிகிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வருகிறது என்று தெரிந்த நொடியில் வந்துவிடும், போனால் ஒன்றுமே இருக்காது, கொஞ்சம் சளியும் ரத்தமும்தான், திரும்ப வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டும். ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு. பஸ் ஏறினால் அடிவாரம் வரைக்கும் இறங்க இடம் கிடையாது. முன்பெல்லாம் முந்தின நாள் மத்தியானத்தில் இருந்தே சாப்பிடாமல், கதவுக்குப் பக்கத்து சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டு இறங்குவேன். வகுப்பில் கரும்பலகைக்கும் கதவுக்கும் எத்தனை அடி என்பதுதான் எனக்கு முக்கியமான கணக்காக இருந்தது. மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ரத்தம் குறைந்தது, இந்த அவசரம் குறையவில்லை. எனிமா சேர்ந்த சில வாரங்களில் குறைந்தது. இப்போது இட்லி சாப்பிட்டுவிட்டு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து இறங்குகிறேன். சேலம் ஐந்து ரோட்டில் இறங்கியதும் கழிப்பறையைத் தேடாமல் நேராக நடக்கிறேன். சேலத்துத் தெருக்கடைத் தின்பண்டமான தட்டுவடை செட் கூடச் சாப்பிடுகிறேன். நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் அதில் வைக்கும் பச்சைக் கேரட்டும் பீட்ரூட்டும் எனக்கு ஆகாது. அது என் வயிறு, உங்கள் வயிறு வேறு சொல்லலாம். எல்லோருக்கும் பொதுவான பத்தியம் என்று இந்த நோய்க்கு எதுவும் இல்லை.

ஆரம்பத்தில் ஒரு மருத்துவமனையில் இதை மூலம் என்றே சொல்லி, தொட்டுக்கூடப் பார்க்காமல் களிம்பு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சீதபேதி என்று அமீபாவுக்கு மாத்திரை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மலத்தில் ரத்தமும் சளியும் வாரக்கணக்கில் போனால் உள்ளே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டிய இடம் அது இல்லை.

எனிமா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது. ஒருமுறை நோய் பெரிதாகக் கிளம்பியபோது ஸ்டீராய்டு மாத்திரைதான் அடக்கியது. அதை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கு அசதயோப்ரின், இன்ஃப்ளிக்சிமாப், டோஃபாசிடினிப் என்று மேலே மேலே மருந்துகள் இருக்கின்றன. ஆஸ்பிரின் வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மெசலமைன் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அரிதாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் அவ்வப்போது ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்க்க வேண்டும். மலக்குடலைத் தாண்டிப் பரவியவர்களுக்கு, நோய் தொடங்கி சுமார் 8 வருடம் ஆனதும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் கொலனோஸ்கோபிகள் தொடங்கும். நன்றாக இருக்கிறேனே என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று, மூட்டு வலி, தலைவலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும்.

விலையும் கிடைப்பதும் தனி எரிச்சல். ஏற்காட்டில் கிடைக்காது. சேலத்திலும் கேட்ட கடையில் எல்லாம் இருக்காது. சொல்லிவைத்தால் வரும். மாத்திரையைவிடச் செலவு கூட.

ஆக, பிடித்திருக்கிறதா என்றால் பிடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு ராத்திரிகூடப் பிடித்ததில்லை. மாத்திரையிலேயே இதே பலன் வருகிறது என்று என் டாக்டர் சொன்னால் மீதியிருக்கும் பாட்டில்களை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற அன்றைக்குக் கேட்டால் ஒருவேளை வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ, இன்று காலைதான் துண்டு அலசினேன்.

தம்பி, உனக்கு என் பதில் இது. உன் ரிப்போர்ட்டில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். மலக்குடல் மட்டும் என்றால் சப்போசிட்டரி போதுமா என்று கேள். அதற்கு மேல் என்றால் எனிமாவைப் போடு. முதல் சில ராத்திரி நிற்காது, அதற்காக நிறுத்திவிடாதே. பட்டறையில் பகல் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து ஊதுகிற ஆள் நீ, நடுவில் எழுந்து ஓடாமல் ஒரு கொலுசை முடிக்க முடிந்தால் அன்றைக்கு எனக்கு போன் பண்ணு. ரப்பர் ஷீட் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும், ரெண்டாக வாங்கிக்கொள்.