‘ஜார்ஜியா’: ரே சார்ல்ஸா, வில்லி நெல்சனா?

“ரே பாடிய பிறகு அந்தப் பாட்டை இன்னொருவர் தொடலாமா?” ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ பற்றிப் பேச்சு எடுத்தாலே என் மாமா கேட்கும் முதல் கேள்வி இதுதான். அமெரிக்கப் பழைய பாட்டுகளை எனக்குப் பழக்கியவர் அவர். ரே சார்ல்ஸ் என்றால் அவருக்கு மறுபேச்சே கிடையாது. நானோ பல ஆண்டுகளாக வில்லி நெல்சனின் பக்கம். மாமாவும் நானும் மட்டுமல்ல, இந்தப் பாட்டை விரும்புகிற எல்லோருமே ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தவர்கள்தான். மதிப்பெண் போடச் சொன்னால் ரேக்குப் பத்துக்குப் பத்து கொடுத்துவிட்டு, வில்லிக்கு எட்டா ஒன்பதா என்று யோசிப்பவர்களே அதிகம். அந்தக் கணக்கு எனக்கு ஒப்புதல் இல்லை.

முதலில் பாட்டைப் பற்றி. மெட்டமைத்தவர் ஹோகி கார்மைக்கேல், எழுதியவர் அவருடைய நண்பர் ஸ்டூவர்ட் கொரெல். இருவரும் வடக்கே இண்டியானா மாநிலத்துக்காரர்கள். 1930 செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் கார்மைக்கேலே பாடி முதல் ஒலிப்பதிவு நடந்தது. ஜாஸ் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக் அதில் கார்னெட் ஊதினார். ஜார்ஜியா என்பது மாநிலமா, ஒரு பெண்ணா என்பது பாட்டில் எங்கும் தெளிவாகாது. பைன் மரங்களுக்கு இடையே நிலவொளி விழுகிறது, வேறு கைகள் அழைக்கின்றன, வேறு கண்கள் சிரிக்கின்றன, ஆனால் கனவில் பாதை உன்னிடமே திரும்பி வருகிறது. கதை இவ்வளவுதான். அழுதும் பாடலாம், முணுமுணுத்தும் பாடலாம். பதிப்புக்குப் பதிப்பு இத்தனை வேறுபாடு இருப்பதற்கு அந்த இடைவெளியே காரணம்.

அந்த முதல் ஒலிப்பதிவு முடிந்து எட்டாம் நாள், ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி ஊரில் ரே சார்ல்ஸ் பிறந்தார். வளர்ந்தது பக்கத்து மாநிலமான புளோரிடாவில். காரில் போகும்போதெல்லாம் இந்த மெட்டை அவர் முணுமுணுப்பதைக் கேட்ட காரோட்டி, இதை ஏன் ஒலிப்பதிவு செய்யக்கூடாது என்று கேட்டாராம். 1960இல், எல்லாப் பாட்டிலும் ஏதாவது ஓர் இடத்தின் பெயர் வருகிற ஆல்பம் ஒன்றை அவர் தயாரித்தபோது இதையும் சேர்த்துக்கொண்டார். ரால்ஃப் பர்ன்ஸின் இசைக்கோப்பில் வயலின்கள் அலையாக எழும்ப, பின்னணியில் குழுப்பாடகர்கள் நிற்க, நடுவே ரேயின் குரல். அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. கிராமி விருதும் வந்தது.

மாமாவின் வாதத்துக்கு வலு சேர்ப்பது குரல் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையும்தான். 1961இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில், கறுப்பின ரசிகர்களையும் வெள்ளையின ரசிகர்களையும் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் பாட மாட்டேன் என்று ரே கச்சேரியை ரத்து செய்தார். அதற்காக நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்தது. (மாநிலம் அவருக்குத் தடை விதித்ததாகப் பலர் இன்னும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல.) 1979 மார்ச்சில் அதே மாநிலத்தின் சட்டமன்றத்தில் நின்று அவர் இந்தப் பாட்டைப் பாடினார். அடுத்த மாதமே அது அதிகாரபூர்வ மாநிலப் பாடலாயிற்று. பிறந்த மண், அது கொடுத்த காயம், பிறகு அது செய்த மரியாதை, மூன்றும் ஒரே பாட்டில் சேர்ந்துவிட்டன. இப்படியொரு உரிமை வேறு எவருக்கும் வாய்க்காது. இதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

ஆனால் மதிப்பெண் என்று வரும்போது காதில் விழுவதற்குத்தான் போட வேண்டும். அங்கேதான் எனக்கும் மாமாவுக்கும் வழி பிரிகிறது.

வில்லி நெல்சன் டெக்சஸின் அபட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்தவர். அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பாட்டெழுதிப் பிழைத்து, அந்த நகரத்தின் மெருகேற்றிய ஒலி ஒத்துவராமல் டெக்சஸுக்கே திரும்பி ஆஸ்டினில் குடியேறியவர். நீள்முடி ராக் ரசிகர்களும் தொப்பி அணிந்த கன்ட்ரி ரசிகர்களும் ஒரே கூடத்தில் நின்று கேட்ட இசை அவருடையது. 1977 டிசம்பரில் சுமார் பத்து நாட்களில், தான் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த பழைய பாட்டுகள் பத்தை ஒலிப்பதிவு செய்தார். இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு நம்பிக்கை இல்லை. கலகக்கார கன்ட்ரி பாடகர் என்று பெயர் வாங்கியவர் பாட்டன் காலத்துப் பாட்டைப் பாடினால் யார் வாங்குவார்கள் என்ற தயக்கம். 1978இல் வெளிவந்த அந்த ‘ஸ்டார்டஸ்ட்’ ஆல்பம் கன்ட்ரி பட்டியலில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இருந்தது. ஆல்பத்துக்குப் பெயர் தந்த பாட்டும் ஹோகி கார்மைக்கேலுடையதே. அதிலிருந்து தனியாக வெளியிட்ட ‘ஜார்ஜியா’ கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. வில்லிக்கும் கிராமி கிடைத்தது.

இந்தப் பதிப்பின் வெற்றியில் பாதிப் பங்கு தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸுக்கு. மெம்ஃபிஸ் நகரத்துக் கறுப்பினத்தவரின் சோல் இசையில் ஊறியவர், ஆர்கன் வாசிப்பவர். ரேயின் இசைக்கோப்பில் இருக்கும் பெருங்கூட்டத்தை அவர் கிட்டவே சேர்க்கவில்லை. வில்லியின் வழக்கமான குழு, வில்லியின் அக்கா பாபியின் பியானோ, தரையில் விரித்த ஜமுக்காளம் மாதிரி அடியில் ஓடும் ஆர்கன். இவற்றுக்கு மேல் வில்லியின் கிட்டார். ‘டிரிகர்’ என்று அவர் பெயர் வைத்திருக்கும் அந்த மார்ட்டின் கிட்டார் நைலான் தந்தி போட்டது, விரல் நுனியால் மீட்டுவதற்கென்று செய்தது. அவரோ பிக் என்ற சிறு தகட்டைப் பிடித்து வாசித்தார். வாசித்து வாசித்துப் பலகை தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. அதன் நாதத்தில் மரத்தின் சொரசொரப்பு கேட்கும். இரவில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்: நாண் அதிர்ந்து அடங்கும் முன்பே அடுத்த வரியை ஆரம்பித்திருப்பார்.

அவர் பாடும் முறைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தாளம் ஒரு பக்கம் போகட்டும் என்று விட்டுவிட்டு, சொல்லைக் கொஞ்சம் தாமதமாக வைப்பார். சில இடங்களில் தாளத்தை முந்திக்கொண்டு போய்க் காத்திருப்பார். யாரிடமோ பேசிக்கொண்டிருப்பவர் நடுவில் யோசித்துவிட்டுத் தொடர்வது போலிருக்கும். ‘ஜார்ஜியா’ என்ற முதல் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ரே அதை இழுத்து, நடுங்கவைத்து, ஒரு வேண்டுதலாக்கிவிடுகிறார். வில்லி ஒரு பெயரைச் சொல்கிறார், அவ்வளவே. தினமும் நினைக்கிற பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பாட்டின் பொருளும் அதுதானே? பழைய இனிய பாட்டு ஒன்று ஒரு பெயரை மனத்தில் ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறது என்பதைச் சொல்லும் பாட்டு இது.

இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க நடுப்பகுதியே சரியான இடம். வேறு கைகளும் வேறு கண்களும் வருகிற அந்த எட்டு தாள அளவைகளில் மெட்டு, சோகம் தொனிக்கும் மைனர் சுரவரிசைக்குத் திரும்பி இருட்டாகிறது. ரே இங்கேதான் உச்சம் தொடுகிறார். குரல் கிழிந்து, தேவாலயத்திலிருந்து நேராக வந்தது போல ஒலிக்கிறது. ஒவ்வொரு சங்கதியும் முந்தியதைவிடக் கூடுதலாக வலிக்கிறது. இந்த எட்டு அளவைகளில் வில்லி அவரை நெருங்கக்கூட இல்லை என்று மாமாவிடம் என்றோ ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் அதை அடுத்து மெட்டு மறுபடி ஆரம்ப வரிக்குத் திரும்புகிறதே, அங்கே நான் வில்லியோடுதான் இருப்பேன். உச்சத்திலிருந்து இறங்க ரேக்கு வயலின்கள் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. வில்லி ஏறவே இல்லை என்பதால், நிம்மதி கிடைக்கவில்லை என்கிற வரியைச் சும்மா சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சாதாரணத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மூன்றாவதாக ஒரு பதிப்பையும் சொல்லாமல் விட முடியாது. ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர் ஜிம்மி கார்ட்டர் 1976இல் அதிபர் தேர்தலில் நின்றபோது, அவருக்கு ஆதரவாக தி பேண்ட் என்ற ராக் குழு இதை வெளியிட்டது. கன்ட்ரியும் ராக்கும் கலந்த அவர்களுடைய வழியில்தான், ஆனால் பாடிய ரிச்சர்ட் மானுவல் ரேயைத் தெய்வமாகக் கொண்டாடியவர். அது குரலில் அப்படியே தெரிகிறது. உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து கேட்கவைக்கிற குரல். மனத்தை உருக்கும் பதிப்பு, சந்தேகமில்லை. இருந்தாலும் கேட்கும்போதெல்லாம் ரேயின் நினைவு வந்து குறுக்கே நிற்கிறது. வில்லியைக் கேட்கும்போது அப்படி வருவதில்லை. பழைய பாட்டை மறுபடி பாடுகிறவருக்கு நான் வைக்கிற முதல் சோதனை இதுதான்.

வில்லிக்கு எதிராகச் சொல்லப்படும் குறைகளும் எனக்குத் தெரியும். மூக்கால் பாடுகிறார், உணர்ச்சி போதவில்லை, நடை சோம்பல் என்பார்கள். முதலாவது உண்மை. மற்ற இரண்டும் நிதானத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு சொல்வது. இந்த நிதானம் ரேயைத் தெரியாததால் வந்ததல்ல. இருவரும் நண்பர்கள். 1985இல் இருவரும் சேர்ந்து பாடிய வேறொரு பாட்டு கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. 2004 ஜூனில் ரேயின் இறுதிச் சடங்கில் வில்லிதான் இந்தப் பாட்டைப் பாடினார். சொந்தக்காரர் முன்னால் படுத்திருக்க, அவருடைய பாட்டைத் தன் வழியிலேயே பாட முடிந்திருக்கிறது.

என் மதிப்பெண்: வில்லிக்கு ஒன்பதரை, ரேக்கு ஒன்பதேகால், மானுவலுக்கு எட்டு. மாமாவின் தாளில் முதல் இரண்டும் இடம் மாறியிருக்கும். இதுவரை எதையும் கேட்காதவர்கள் முதலில் ரேயைக் கேளுங்கள், நடுப்பகுதியை மட்டும் இரண்டு முறை. ஒரு நாள் விட்டு, வீடு அடங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு வில்லியைக் கேளுங்கள்.