முதல் ஓட்டத்துக்கு ஸ்பார்ட்டனா, டஃப் மட்டரா?

இரண்டும் 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய தடை ஓட்டங்கள், அதாவது வழியில் தடைகளைத் தாண்டி ஓடுபவை. சேறும் சுவரும் இரண்டிலும் உண்டு.

ஸ்பார்ட்டனின் குறும்பிரிவான ஸ்பிரிண்ட் 5 கிலோமீட்டர், 20 தடைகள். நேரம் கணக்கிடுவார்கள். கயிறு ஏறுவது, ஈட்டி எறிவது எல்லாம் உங்கள் பாடு. தவறினால் தண்டனை உண்டு; பல ஆண்டுகள் அது 30 பர்ப்பியாக இருந்தது (குனிந்து தரையில் கை ஊன்றி, காலைப் பின்னே நீட்டி, எழுந்து குதிக்கும் பயிற்சி). கால் தாங்கிவிடும், கைப்பிடிதான் முதலில் நழுவும். அதனால் தினமும் கம்பியில் தொங்கிப் பழகுங்கள்: 10 நொடியில் தொடங்கி மெல்ல ஒரு நிமிடம் வரை. தோள் வலித்தால் அன்றைக்குப் போதும்.

வழக்கமான டஃப் மட்டரில் பந்தயமே இல்லை, கடிகாரமும் இல்லை. எவரெஸ்ட் என்ற வழுக்கும் வளைசுவரில், மேலே நிற்பவர் முன்பின் தெரியாதவரானாலும் கைகொடுத்து இழுத்துவிடுவார். 15 கிலோமீட்டர் பிரிவுக்கு நீண்ட மெதுவோட்டம் பழக வேண்டும். 5 கிலோமீட்டரும் உண்டு. முதல் முறை என்றால், சரி, நான் அந்த 5 கிலோமீட்டரைத்தான் சொல்வேன்.