நானுஓயாக் குளிரில் உறையும் தேங்காய் எண்ணெய்: மூன்று பனிக்கால அனுபவம்

தேயிலைத் தோட்டத்தில் இன்னமும் கொழுந்து பறிக்கும் தன் தாயாரின் கைகளுக்குப் பெட்ரோலியம் ஜெலி நல்லதா, தாவர எண்ணெய் நல்லதா என்று ஹப்புத்தளையிலுள்ள தோழி ஒருத்தி சென்ற வாரம் கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

ஜெலியிலிருந்து எண்ணெய்க்கு நான் கொள்கைக்காக மாறியவள் அல்லள். 2022இல் இலங்கையில் டொலர் தட்டுப்பாட்டால் இறக்குமதிப் பொருள்கள் அருகியபோது, வழக்கமாக வாங்கும் ஜெலி எங்கள் கடையில் கிடைக்காமற் போனது. சமையலறையில் இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துப் பூசத் தொடங்கினோம். ஜெலி பூசிய கையோடு மாணவர்களின் கொப்பியைத் தொட்டால் தாளில் கண்ணாடி போலக் கறை விழும். எண்ணெயோ, சிறிதளவே எடுத்து நன்றாகத் தேய்த்தால், பாடசாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் தோலோடு சேர்ந்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே ஜெலி மீண்டும் கடைக்கு வந்த பிறகும் நான் அதற்குத் திரும்பவில்லை.

ஆனால் அந்த எண்ணெய்ப் போத்தல்! மலையகத்திலுள்ள எங்கள் நானுஓயா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயோ 24 பாகை செல்சியஸ் அளவுக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். ஆகவே எங்கள் வீட்டில் பெரும்பாலான காலைகளில் போத்தலுக்குள் இருப்பது எண்ணெய் அன்று, வெள்ளைக் கட்டி. தை மாதத்தில், புல்லில் உறைபனி படிந்திருக்கும் அதிகாலை ஐந்தரை மணிக்கு, தலைகீழாகப் பிடித்து எத்தனை முறை தட்டினாலும் ஒரு துளி வராது. குறுகிய கழுத்துக்குள் ஈர்க்கை விட்டுத் தோண்டினால் குறுநொய் போலத் துணுக்குகள் விழும். அடுப்போரம் வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். சுடுநீரில் நிறுத்தினால் ஓரம் மட்டும் உருகி, நடுவிலுள்ள கட்டி அப்படியே நிற்கும், அதற்குள் பேருந்து போய்விடும். கால் பங்கு நல்லெண்ணெய் கலந்து பார்த்தேன். கட்டி இளகிக் களிம்பு போலானது, ஆனால் அதன் வாசனை மாலைவரை கையைவிட்டுப் போகவில்லை. இத்தனை குளிர் பிரதேசங்கள் உள்ள நாட்டில், தேங்காய் எண்ணெயை ஏன் இப்படிக் குறுகிய கழுத்துப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள் என்று ஒவ்வொரு பனிக்காலத்திலும் கோபம் வருகிறது. ஜெலி எந்தக் குளிரிலும் விரலுக்கு வரும்.

அந்த எரிச்சலில் ஒருமுறை, முகப்பில் தேங்காய் மூடியும் பச்சை இலையும் அச்சிட்ட மூலிகைக் கிறீம் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்புறத்தைப் பார்த்தால், சேர்மானப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்த பெயரே பரஃபினம் லிக்குயிடம், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் திரவப் பரஃபின். அந்தப் பட்டியலில் அளவில் கூடியது முன்னால் வரும். தேங்காய் எண்ணெய் கடைசிக்கு முந்திய இடத்தில் இருந்தது. பெட்ரோலியம் பூசுவதென்றால் அதன் பெயரிலேயே, அதன் விலையிலேயே வாங்கியிருப்பேனே.

ஜெலிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். ராபர்ட் செஸ்ப்ரோ 1872இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொருள் அது. நன்கு சுத்திகரித்தது நஞ்சன்று, வறண்ட தோலுக்கு மருத்துவர்கள் இன்றும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். அது தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிவிடாமல் மூடிவைக்கிறது, அந்த வேலையில் தாவர எண்ணெய்கள் அதற்கு ஈடாவதில்லை. ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம் என்ற கொழுப்பமிலமாக இருக்கும் தேங்காய் எண்ணெய், செதில் செதிலாக எழும்பிய தோலை நிரவி மென்மையாக்கும், ஆனால் மூடும் ஆற்றல் குறைவு. சென்ற மாசியில் அம்மாவின் குதிகாலில் பித்தவெடிப்பு இரத்தம் கசியும் அளவுக்குப் பிளந்தபோது, இரண்டு வாரம் எண்ணெய் பூசியும் கூடவில்லை. கால் கழுவிய ஈரம் காயுமுன் ஜெலியைப் பூசிக் காலுறை போட்டு உறங்க வைத்த ஐந்தாம் நாள் விளிம்புகள் இளகின. முகத்திலும் எண்ணெயை நான் பூசுவதில்லை. நெற்றியில் பரு வந்தது. விலையும் எண்ணெய்க்குச் சாதகமாக இல்லை, 2024 முடிவில் ஒரு தேங்காயே 200 ரூபாயைத் தொட்டது.

குளிர், விலை, வெடிப்பு என்று மூன்றிலும் ஜெலியே முந்துகிறது. ஆயினும் தோழியிடம் தேங்காய் எண்ணெயையே வாங்கச் சொல்லப் போகிறேன்.

அம்மா முப்பத்தோராண்டு கொழுந்து பறித்தவர். வலது பெருவிரலின் உட்புறத்திலும் ஆட்காட்டி விரலின் ஓரத்திலும் உள்ள வெடிப்புகளில் தேயிலைக் கறை ஏறி, பேனாவால் கீறியது போலக் கறுத்த கோடுகள் கிடக்கின்றன. ஜெலி பூசினால், "மண்ணு அப்பிக்குது புள்ள" என்று அப்போதே சேலையில் துடைத்துவிடுவார். எண்ணெய்க்கு அவரே கையை நீட்டுகிறார். உறைந்த துண்டு ஒன்றை அந்த உள்ளங்கையில் வைத்து என் பெருவிரலால் அழுத்தினால், பத்து எண்ணுவதற்குள் உருகிக் கோடுகளுக்குள் இறங்குகிறது. தேய்க்கத் தேய்க்க விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்கின்றன. துடைத்துவிடும் மருந்து எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அந்தக் கைக்கு உதவாது. ஹப்புத்தளையிலும் ஒரு தாயின் கைதான் இருக்கிறது.

வாங்கியதும் எண்ணெயை வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி, உறைந்தபின் உலர்ந்த கரண்டியால் சுரண்டி எடுக்கட்டும். ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விட வேண்டாம்.