இன்டர்வியூ முடிஞ்சதும் தேங்க்ஸ்: மெயிலா, வாட்ஸ்அப்பா?

நான் மெயில் பக்கம்தான். நிறைய எச்ஆர் டைம், லொகேஷன் எல்லாம் வாட்ஸ்அப்லதான் அனுப்புறாங்க, அதனால அங்கயே "தேங்க்யூ மேம்"னு தட்டிவிடத் தோணும், ஈஸிதான், உடனே பாத்துடுவாங்க, ஆனா அது பெரும்பாலும் அவங்க போன்லயே நின்னுடும், உங்கள கேள்வி கேட்ட டெக்னிக்கல் பேனலுக்குப் போய்ச்சேராது. மெயில்னா அப்படியே மேனேஜருக்கு ஃபார்வேர்ட் பண்ணலாம். இன்டர்வியூக்கு கூப்பிட்ட மெயிலுக்கே ரிப்ளை போடுங்க, அன்னைக்கு சாயங்காலமோ மறுநாள் காலையிலயோ. நாலு வரி போதும்: நன்றி, நோட்டீஸ் பீரியட் (இப்போ இருக்குற வேலைய விட்டு வர எத்தனை நாள் ஆகும்னு), பேசினதுல ஒரு விஷயம், "நீங்க கேட்ட டேட்டாபேஸ் (எஸ்க்யூஎல்) கேள்விய திரும்ப யோசிச்சேன், டேபிள்ல ரெண்டு காலமுக்கும் சேத்து இன்டெக்ஸ் போட்டா ஸ்பீடு கூடும்"ங்கற மாதிரி. இத வாட்ஸ்அப்ல போட்டா யாரும் முழுசா படிக்கமாட்டாங்க. வாக்-இன்ல (நேரா போய் கலந்துக்குற இன்டர்வியூல) மெயில் ஐடியே குடுக்கலன்னா மட்டும் வாட்ஸ்அப், அதுவும் ராத்திரி 9 மணிக்கு மேல வேணாங்க.