பெட்ரோல் டேங்கில் மேல்துரு: ரெட் ஆக்சைடா, கன்வெர்ட்டரா, புதுப்பேட்டையா?

எங்கள் மாருதி ஜென் கார் 1998 மாடல். நிற்பது திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில். போன மாதம் ஆயில் மாற்ற மேலே ஏற்றியபோது மெக்கானிக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். பெட்ரோல் டேங்கின் அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் பூசியதுபோல் இருந்தது. "டேங்க் போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றார்.

போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் எங்கும் உள்வாங்கவில்லை. தையல் ஓரத்தில் ஈரமோ பெட்ரோல் வாசனையோ இல்லை. சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயரவில்லை. அப்படிப் பெயர்ந்தால் தகடு மெலிந்துவிட்டது என்று அர்த்தம், கீழே சொல்லும் பூச்சு எதுவும் அதற்கு உதவாது. இது மேல்துருதான். என்ன பூசுவது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிடுகிறேன். துருவின் மேலேயே கறுப்பு அண்டர் கோட்டிங் அடித்து அனுப்புகிற வழக்கம் நம் ஊரில் நிறைய. பார்க்கப் புதிதாக இருக்கும். ஆனால் தார்ப் பூச்சு ஓரிடத்தில் விரிசல் விட்டால் போதும், மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வர வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து தகட்டைத் தின்னும். நமக்கும் தெரியாது. வெளியே தெரிகிற துருவே மேல்.

அடுத்தது புதுப்பேட்டை, சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற இடம். பழைய டேங்க் மலிவாகக் கிடைக்கும், பேரமும் பேசலாம். என் மச்சான் 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அவருடைய மாருதி 800க்கு அப்படி ஒன்று வாங்கி மாட்டினார். வெளியே பளபளவென்று பெயின்ட், உள்ளே துரு. ஃபியூயல் ஃபில்டர் அடிக்கடி அடைத்தது. வெளித்துருவைப் பிரஷ் போட்டு எடுத்துவிடலாம், உள்துருவை எடுப்பது பெரிய வேலை. இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும் என்பதால் உள்துரு இன்னும் கவலை. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பம்ப் மாட்டும் வாய் வழியாக டார்ச் அடித்து அடித்தட்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஓட்டை விழுந்த டேங்க் என்றால் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் புதியது கிடைக்கிறதா என்று கேட்பதுதான் சரி.

மிச்சம் இரண்டு. நம் ஊர்ப் பழைய வைத்தியம், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு என்கிற செங்காவி பிரைமர், மேலே கறுப்பு எனாமல். இன்னொன்று துருவையே வேறு பொருளாக மாற்றுகிற ரஸ்ட் கன்வெர்ட்டர், அதன் மேல் இரண்டு டப்பா கலக்கும் எப்பாக்சி பிரைமர்.

ரெட் ஆக்சைடை இதே டேங்குக்கு ஆறு வருடம் முன்பு நானே அடித்திருக்கிறேன். தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், செலவு மிகக் குறைவு. வேலை சுத்தமாகச் செய்தால் மோசமில்லை. ஆனால் அது ஈரத்தை முழுசாகத் தடுக்காது. மேல்பூச்சு இல்லாமல் விட்டால் ஒரு மழைக்காலம் தாங்குவதே கஷ்டம். எனாமலோ பெட்ரோல் பட்டால் இளகிவிடும். எனக்கு முதலில் பெயர்ந்தது, பெட்ரோல் போடும்போது சிந்தி வழிகிற குழாய்ப் பக்கம்தான்.

கன்வெர்ட்டர் என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது. பாஸ்பாரிக் அமிலம் உள்ளது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். மீதி அமிலத்தைத் துடைத்து எடுக்காவிட்டால் மேலே அடிக்கும் பெயின்ட் கொப்புளிக்கும். டானிக் அமிலம் உள்ளது நீலக்கறுப்பாகி, பெரும்பாலும் தானே ஒரு படலமாகக் காயும். அதைக் கழுவக் கூடாது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்தே ஆக வேண்டும். இரண்டுமே கெட்டியான துருவை ஊடுருவாது, அதனால் பிரஷ் வேலையிலிருந்து தப்ப முடியாது. பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் துரு போகுமே என்பவர்களுக்கு: போகும், அதன் குளோரைடு தங்கி அடுத்த துருவைக் கூட்டிவரும்.

கடல் உப்பும் அதே குளோரைடுதான். எந்தப் பூச்சாக இருந்தாலும் முதலில் டேங்கை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதனால் இதற்குக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர்தான்.

ஸ்பிரே டப்பாவில் வரும் துத்தநாகப் பூச்சையும் சிலர் சொல்வார்கள். துத்தநாகம் இரும்பை நேராகத் தொட்டால்தான் காக்கும். கன்வெர்ட்டர் மேல் அதை அடிப்பது காசுக்குக் கேடு. அதற்காக டேங்க் முழுவதையும் வெள்ளைத் தகடாகத் தேய்க்கவும் மனமில்லை. பழைய டேங்குகள் பலவற்றில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இருக்கும். நன்றாக இருக்கிற இடத்தில் அதை எடுத்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். தூசியில் ஈயம் பறக்கும் என்பதால் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும், முகமூடியோடு.

எப்பாக்சியின் பலம், காய்ந்த பிறகு பெட்ரோலுக்கு அசையாது, ஈரத்தையும் நன்றாகத் தடுக்கும். வெயிலில் வெளுக்கும் என்பது அதன் குறை. காருக்கு அடியில் ஏது வெயில்? விலை கூடுதல்தான், கலந்ததைக் குறித்த நேரத்துக்குள் அடித்து முடிக்கவும் வேண்டும். என் ஓட்டு இதற்கே.

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள். பெட்ரோலை வடித்த டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும். காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, திறந்த இடத்தில் வைத்து, கைப்பிரஷால்தான் வேலை.

ஆறு வருடம் முன்பு நான் செய்த பெரிய தப்பு, டேங்கை இறக்காமலே அடித்தது. அதைத் தாங்கும் இரண்டு பட்டைக்கும் அடியில் இருக்கிற ரப்பர் மழைத்தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்திருந்தது. இப்போது துரு அதிகம் இருப்பதும் அந்த இரண்டு கோட்டில்தான். இந்தத் தடவை இறக்கித்தான் செய்வேன், ஐப்பசி ஈரத்தில் இல்லை, மாசி மாதக் காலை வெயிலில். புது ரப்பருக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.